ஜலந்தருக்கு வந்த கடிதங்கள்

1920 ஜூன் 28, திங்கட்கிழமை காலை. பஞ்சாபின் ஜலந்தர் கன்டோன்மென்டில் இருந்த வெலிங்டன் பாரக்ஸில் நான்கு அயர்லாந்துச் சிப்பாய்கள் காவலறைக்கு நடந்து போய், தங்களைப் பிடித்து உள்ளே அடைக்கும்படி கேட்டார்கள். குடிபோதை இல்லை, அடிதடி இல்லை, திருட்டு இல்லை. காரணம் கேட்டபோது அவர்கள் சொன்னது ஒன்றுதான்: அயர்லாந்தில் பிரிட்டிஷ் படைகள் செய்துவருவதைக் கேள்விப்பட்ட பிறகு அந்தப் படையில் வேலை பார்க்க முடியாது. (வெலிங்டன் என்றதும் நமக்கு நீலகிரிதான் நினைவுக்கு வரும். இது வேறு ஊர், ஆனால் அதே பெயர். அந்தப் பெயருக்குரிய தளபதி டப்ளினில் பிறந்தவர் என்பது தனி வேடிக்கை.)

அயர்லாந்திலிருந்து ஜலந்தர் கடல் வழியாகப் பல ஆயிரம் மைல். இந்தியாவில் வானொலி ஒலிபரப்பு இன்னும் தொடங்கவில்லை. அப்படியிருக்க, பாரக்ஸில் தூங்கி எழுந்த சிப்பாய்க்குக் கிளேர் மாவட்டத்துக் கிராமத்தில் நடந்தது எப்படித் தெரிந்தது? வீட்டிலிருந்து கடிதம் வந்தது. பத்திரிகைச் செய்தியும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பத்திரிகையில் படிப்பது வேறு, தாயோ தங்கையோ எழுதிப் படிப்பது வேறு. அவர்கள் இருந்தது கன்னாட் ரேஞ்சர்ஸ், பிரிட்டிஷ் ராணுவத்தின் அயர்லாந்துப் படைப்பிரிவு. ‘கன்னாட் ரேஞ்சர்ஸ் கலகம்’ என்று வரலாற்றில் பெயர் வாங்கிவிட்ட இந்தச் சம்பவத்தை வீரக்கதையாகவோ துரோகக்கதையாகவோ சொல்வதுதான் வழக்கம். எனக்கு அது முதலில் ஒரு தபால் கதையாகத் தெரிகிறது.

கன்னாட் என்பது அயர்லாந்தின் மேற்கு மாகாணம். டெல்லி கன்னாட் பிளேஸ், கன்னாட் கோமகனின் பெயரால் வந்தது. அவருடைய பட்டம் இந்த மாகாணத்திலிருந்து வந்தது. பாறையும் சதுப்பும் நிறைந்த ஏழைச் சீமை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிழைப்புக்கு இருந்த வழிகள் சொற்பம்: கப்பலேறி அமெரிக்கா போகலாம், அறுவடைக் கூலியாக இங்கிலாந்து போகலாம், இல்லையென்றால் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேரலாம். மூன்றிலும் வீட்டோடு மிஞ்சுகிற உறவு கடிதம்தான். அமெரிக்காவிலிருந்து டாலர் வைத்து வரும் உறை ஒரு குடும்பத்தின் வாடகைப் பாக்கியைத் தீர்க்கும். படையிலிருந்து வரும் உறையில் பையன் உயிரோடிருக்கிறான் என்ற சேதி இருக்கும். அடுப்பங்கரையில் உட்கார்ந்து, எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, வீடே சுற்றி நின்று கேட்கும். ஒருவருக்கு எழுதிய கடிதம் ஊருக்கே எழுதியது போலத்தான்.

ராணுவத்துக்கும் கடிதத்தின் அருமை நன்றாகத் தெரியும். முதல் உலகப்போரில் அது நடத்திய தபால் ஏற்பாட்டை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் ஐந்து ஏக்கர் அளவுக்கு மரத்தால் ஒரு கொட்டகை கட்டினார்கள். அதில் கடிதம் பிரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போரின் உச்சத்தில் வாரத்துக்கு ஒரு கோடியே இருபது லட்சம் கடிதங்கள் அந்தக் கொட்டகை வழியாகப் போயின. போர்முனையிலிருந்து எழுதுகிறவனுக்குத் தபால் செலவு கிடையாது. இவ்வளவு தாராளம் கருணையால் வந்ததல்ல. வீட்டுக் கடிதம் வந்த சிப்பாய் நின்று சண்டை போடுவான் என்பது அனுபவக் கணக்கு.

தாராளத்தோடு கத்தரிக்கோலும் வந்தது. சிப்பாயின் கடிதத்தை அவனுடைய சொந்தப் படைப்பிரிவு அதிகாரியே படித்துப் பார்த்து, வேண்டாததை அடிப்பார். மனைவிக்கு எழுதுவதை மேலதிகாரி படிக்கிறார் என்றால் பேனா எப்படி ஓடும்? நேரமில்லாதவர்களுக்கு அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று இருந்தது. ‘நான் நலமாயிருக்கிறேன்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்’, ‘உங்கள் கடிதம், தந்தி, பார்சல் கிடைத்தது’, ‘வெகு நாளாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை’ என்று வரிகள் வரிசையாக அச்சாகியிருக்கும். வேண்டாதவற்றைக் கோடு கிழித்து அடித்துவிட்டு, கீழே கையெழுத்தும் தேதியும் மட்டும் போடலாம். வேறு ஏதாவது ஒரு சொல் சேர்த்தால் அட்டை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சாகியிருந்தது. அன்பு முத்தங்கள் என்று எழுத இடமில்லை; எழுதினால் அட்டை போகாது. அடிக்காமல் விட்ட அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வீட்டில் எத்தனை நாள் ஓட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வீட்டுச் சேதி சிப்பாயைத் தாங்கும் என்றால், அதே சேதி அவனைக் கவிழ்க்கவும் செய்யும். இதை முதலில் கண்டுகொண்டவர்கள் ஜெர்மானியர்கள். 1916 ஏப்ரல் 24 அன்று, ஈஸ்டர் திங்களன்று, டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அந்தச் செய்தி பிரான்சில் ஹுல்லுக் பகுதிப் பதுங்குகுழிகளில் இருந்த அயர்லாந்துப் படையினருக்குக் குடும்பத்தார் மூலம் வந்து சேருமுன், எதிரி மூலம் வந்து சேர்ந்தது. மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவுக்கு எதிரே ஜெர்மானியர்கள் பலகைகளை நட்டார்கள். “அயர்லாந்துக்காரர்களே! அயர்லாந்தில் பெருங்கலவரம். ஆங்கிலப் பீரங்கிகள் உங்கள் மனைவி மக்களைச் சுடுகின்றன!” ‘மனைவியர்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் எழுத்துப்பிழை வேறு. மன்ஸ்டர்காரர்கள் சரணடையவில்லை, அந்தப் பலகைகளைக் கைப்பற்றிக் கொண்டுவந்தார்கள். பலகை தோற்றதற்கு ஒரு காரணம் எளிது என்று நினைக்கிறேன். எழுதியவன் எதிரி. அதே வாக்கியத்தை அம்மா எழுதியிருந்தால்?

நான்கு ஆண்டுகளில் அதற்கும் விடை கிடைத்தது. அதற்குள் அயர்லாந்து அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. கிளர்ச்சித் தலைவர்களைச் சுட்டுக் கொன்றதும், கட்டாய ராணுவ சேவையைத் திணிக்கப் பார்த்ததும் மக்களைத் திருப்பிவிட்டன. 1918 டிசம்பர் தேர்தலில், விடுதலை கேட்ட சின் ஃபெயின் கட்சி 73 இடங்களைப் பிடித்தது. வென்றவர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போக மறுத்து, 1919 ஜனவரியில் டப்ளினில் தனி மன்றம் கூட்டினார்கள். கெரில்லாச் சண்டை தொடங்கியது. போலீஸ் வேலையை அயர்லாந்துக்காரர்கள் விட்டு விலக விலக, போரிலிருந்து திரும்பி வேலையில்லாமல் இருந்த பிரிட்டிஷ் ஆட்களைச் சேர்த்து 1920 மார்ச்சில் இறக்கினார்கள். போதுமான சீருடை கைவசம் இல்லாததால் ராணுவக் காக்கியும் போலீஸின் கரும்பச்சையும் கலந்து உடுத்தினார்கள். ‘பிளாக் அண்ட் டான்ஸ்’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. வீடு புகுந்து சோதனை, கண்மண் தெரியாத சூடு, வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ என்று அவர்கள் பெயர் இன்றைக்கும் அங்கே வசவாக இருக்கிறது. அந்த மார்ச்சிலேயே கார்க் நகர மேயர் தாமஸ் மக்கர்ட்டன் அவருடைய வீட்டிலேயே, குடும்பத்தார் இருக்கும்போது, சுட்டுக் கொல்லப்பட்டார். மே மாதத்திலிருந்து அயர்லாந்து ரயில் தொழிலாளர்கள் பிரிட்டிஷ் படையினரையும் வெடிபொருளையும் ஏற்றிய வண்டிகளை ஓட்ட மறுத்தார்கள்.

இவ்வளவும் உறைக்குள் மடிந்து இந்தியாவுக்குப் புறப்பட்டது. தபால் கடந்த வழியைப் பார்க்க வேண்டும். 1920-ல் அயர்லாந்துக்குள்ளேயே கடிதம் பத்திரமாகப் போய்ச்சேரும் என்று சொல்ல முடியாது. ஐ.ஆர்.ஏ. எனப்பட்ட அயர்லாந்துக் கெரில்லாப் படையின் ஆட்கள் தபாலை வழிமறித்துப் பிரித்து, போலீசுக்குத் துப்புக் கொடுப்பது யார் என்று தேடினார்கள். படித்து முடித்த உறைமேல் தாங்கள் தணிக்கை செய்துவிட்டதாகக் குறித்தும் அனுப்பினார்கள். அதைத் தாண்டினால் இங்கிலாந்து, பிறகு கப்பல், சூயஸ், செங்கடல், பம்பாய். துறைமுகத்திலிருந்து வடக்கே போகும் தபாலுக்குப் பஞ்சாப் மெயில் போன்ற ரயில்கள். வாரக்கணக்கில் பிடிக்கும் பயணம். சிப்பாயின் கைக்கு வரும்போது சேதி பழையதாகிவிட்டிருக்கும். அவன் பதில் எழுதினால் அதற்கும் அத்தனை வாரம். ‘எங்கள் தெருவில் சோதனை போட்டார்கள்’ என்று படிப்பவனுக்கு, அதற்குப் பிறகு என்ன ஆனது என்று உடனே கேட்க வழியில்லை. அடுத்த கப்பல் வரும்வரை மனம் தானாகவே மிச்சத்தை எழுதிக்கொள்ளும். செய்தி தாமதமாக வந்தால் சூடு ஆறிவிடும் என்பார்கள். தொலைவில் இருப்பவனுக்கு அது நேர்மாறாக வேலை செய்தது என்றுதான் தோன்றுகிறது.

படித்தவர்கள் இருந்த இடமும் சாதாரண இடமில்லை. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் கூட்டத்தின்மீது சுட உத்தரவிட்ட டயர், ஜலந்தர் படையணியின் தளபதி. சிறுவயதில் அவர் படித்த பள்ளிகளில் ஒன்று அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து மிடில்டன் கல்லூரி. அவருடைய செயலை ஆதரித்த பஞ்சாப் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ’டுவயர் டிப்பரரி மாவட்டத்துக்காரர். ஆக, பேரரசின் கைத்தடியைப் பிடித்த கைகளில் அயர்லாந்துக் கையும் இருந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் கதை பொய்யாகிவிடும். அந்தப் படுகொலை நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அமிர்தசரஸ் ஜலந்தரிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவில். வீட்டுக் கடிதத்தில் படிக்கும் அந்நியப் படையின் வேலையையே, கன்னாட் ரேஞ்சர்ஸின் முதல் பட்டாலியன் இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்துவந்தது. கலகத்தில் முன்னின்ற ஜோசப் ஹாஸ் இந்த ஒப்புமையைப் பின்னாளில் வாய்விட்டே சொன்னார்.

ஹாஸ் கிளேர் மாவட்டத்துக் கில்ரஷ் ஊர்க்காரர். உலகப்போரைப் பார்த்தவர். 1919-ல் விடுப்பில் ஊருக்குப் போனபோது, ஹர்லிங் ஆட்டம் ஒன்றைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் துப்பாக்கிக் கத்தியை நீட்டித் தடுத்ததைக் கண்ணால் கண்டார். மட்டையும் பந்துமாக ஆடும் அந்த ஆட்டம் அயர்லாந்துக்காரர்களுக்கு விளையாட்டுக்கும் மேலே. தடுத்தவர்கள் போட்டிருந்தது தன் உடம்பில் இருந்த அதே சீருடை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தியாவில் கடிதங்களைப் பிரித்தார். ஜூன் 27 இரவு கேண்டீனில் உட்கார்ந்து சிலர் பேசினார்கள். மறுநாள் காலை நால்வர் காவலறைக்குப் போனார்கள்: ஹாஸ், கோகர்ட்டி, ஸ்வீனி, லாலி.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அணிவகுப்பில் நின்றவர்களும் வேலை செய்ய மறுத்தார்கள். சில மணி நேரத்தில் மறுத்தவர்கள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். கர்னல் டீக்கன் படைப்பிரிவின் பழைய போர்ப் பெருமைகளைச் சொல்லிக் கண்கலங்கி மன்றாடினார். அந்தப் பெருமையெல்லாம் இங்கிலாந்துக்குக் கிடைத்தவை, அயர்லாந்துக்கு ஒன்றுமில்லை என்ற பொருளில் தான் பதில் சொன்னதாக ஹாஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜலந்தர் பஜாரில் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு நிறத் துணி வாங்கி அயர்லாந்துக் கொடி தைத்தார்கள். நான் நெடுநேரம் நின்று பார்க்கும் காட்சி இதுதான். பஞ்சாபி வியாபாரி கஜக்கோலால் அளந்து கிழித்துக் கொடுத்த துணியில், கடிதத்தில் மட்டுமே கேட்டறிந்த குடியரசு ஒன்று பாரக்ஸின் கொடிமரத்தில் ஏறியது.

இரண்டு பேர் அங்கிருந்து கிளம்பி, சிம்லா மலைச் சரிவில் சோலன் முகாமில் இருந்த தங்கள் கம்பெனிக்குச் சேதி கொண்டுபோனார்கள். அங்கே முன்னுக்கு வந்தவர் ஜேம்ஸ் டேலி, வெஸ்ட்மீத் மாவட்டத்து டிரெல்ஸ்பாஸ் ஊர்க்காரர், வயது 20. அவருடன் பிறந்த வில்லியமும் அதே படைப்பிரிவில், ஜலந்தரில் இருந்தார். சோலனில் முதலில் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டார்கள். ஜூலை 1 இரவு, அவற்றை மீட்க ஒரு கூட்டம் கத்திகளோடு ஆயுதக் கிடங்கை நோக்கி ஏறியது. காவலில் இருந்தவர்கள் சுட்டார்கள். ட்ரோகெடாவின் பேட்ரிக் ஸ்மித், மேயோ மாவட்டத்தின் பீட்டர் சியர்ஸ் இருவரும் இறந்தார்கள். சியர்ஸ் அந்தத் தாக்குதலில் பங்கெடுக்கவே இல்லை. தன் இருப்பிடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்மீது குண்டு பாய்ந்தது. கத்தோலிக்கப் பாதிரியார் இடையில் புகுந்து மேலும் ரத்தம் சிந்தாமல் தடுத்தார். வேறு படைப்பிரிவுகள் வந்து சூழ, சில நாட்களில் எல்லாம் அடங்கியது.

கலகத்துக்குக் கடிதம்தான் காரணமா? வரலாற்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் தலையசைக்க மறுக்கிறார்கள். பஞ்சாபின் ஜூன் வெயில், சலிப்பூட்டும் முகாம் வாழ்க்கை, போர் முடிந்தபின் அவசரமாகச் சேர்த்த அனுபவமில்லாத பையன்கள், அவர்களோடு ஒட்டாத அதிகாரிகள் என்று அவர்கள் காட்டும் காரணங்கள் உண்மையானவை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கலகக்காரர்களின் விரிவான வாக்குமூலங்கள் அயர்லாந்து விடுதலையடைந்த பிறகு வந்தவை. அவர்களுக்கு ஓய்வூதியம் தர 1936-ல் அயர்லாந்து தனிச்சட்டமே இயற்றியது. 1947-க்குப் பின் அரசு அமைத்த ராணுவ வரலாற்றுப் பணியகம் ஹாஸ் உள்ளிட்டோரின் நினைவுகளைப் பதிவு செய்தது. ‘வெயில் தாங்கவில்லை, அதனால் மறுத்தேன்’ என்று அங்கே யார் சொல்லப்போகிறார்கள்? தேசப்பற்று பின்னோக்கிக் கொஞ்சம் பூசப்பட்டிருக்கலாம். அப்படியானாலும் கடிதத்தை ஒதுக்கிவிட்டால் ஒரு கேள்வி நிற்கிறது. அதே வெயிலில், அதே சோற்றில் இந்தியா முழுக்க எத்தனையோ பிரிட்டிஷ் பட்டாலியன்கள் இருந்தன. இவர்கள் மட்டும் ஏன் மூவண்ணத் துணி வாங்கப் போனார்கள்? வெயில் விறகைக் காய வைத்தது. தீக்குச்சி டப்ளின், கிளேர், மேயோ முத்திரையோடு உறைக்குள் வந்தது.

ராணுவ நீதிமன்றம் பத்துக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை விதித்தது. ஒருவருடையதைத் தவிர மற்றவை சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டன. லிவர்பூலில் பிறந்த ஜான் மிராண்டா சிறையிலேயே நோயால் இறந்தார். மிஞ்சிய அந்த ஒருவர் டேலி.

இப்போது கடிதத்தின் திசை மாறுகிறது. சோலனுக்கு அருகே டக்ஷாய் சிறையிலிருந்து டேலி தன் தாய்க்கு எழுதினார். நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை காலை தன்னைச் சுடப்போகிறார்கள் என்ற கொடிய சேதியைச் சொல்ல எழுதுவதாகத் தொடங்குகிறது. அதனால் என்ன, எல்லாம் அயர்லாந்துக்காகத்தான் என்கிறார். சாக அஞ்சவில்லை, உன்னை நினைத்துத்தான் என்கிறார். நீ பூமியில் சந்தோஷமாக இருந்தால் நான் சொர்க்கத்தில் சந்தோஷமாக இருப்பேன் என்கிறார். இருபது வயதுப் பையனின் கடிதம். அரசியல் அதில் ஒரே வரி. மற்றதெல்லாம், அடுப்பங்கரையில் இதை உரக்கப் படிக்கப்போகிறவர்களைத் தேற்றும் முயற்சி. அந்த அச்சிட்ட அஞ்சலட்டையில் ‘நான் நலமாயிருக்கிறேன்’ என்ற வரியை அடிக்காமல் விட்ட சிப்பாய்கள் செய்ததும் இதே வேலைதான், அவர்களுக்குக் கிடைத்த இடத்துக்குள்.

சொன்ன தேதியில், டக்ஷாயில் அவரைச் சுட்டார்கள். வாரக்கணக்கில் பிடிக்கும் அதே கடல்வழிதான் அந்தக் கடிதத்துக்கும்.

படைப்பிரிவு 1922-ல் கலைக்கப்பட்டது. கலகக் கைதிகள் 1923 ஜனவரியில் பிரிட்டிஷ் சிறைகளிலிருந்து விடுதலையானார்கள். டேலியும் ஸ்மித்தும் சியர்ஸும் இமயமலை அடிவார மண்ணிலேயே ஐம்பது ஆண்டு கிடந்தார்கள். இடையில் அயர்லாந்து சொந்த ராணுவம் வைத்து, 1960-ல் ஐ.நா. அமைதிப்படைக்காகக் காங்கோவுக்கும் பிறகு சைப்ரஸுக்கும் பிள்ளைகளை அனுப்பியது. வெளிநாட்டு முகாமிலிருந்து வீட்டுக்கு எழுதும் வழக்கம் வேறொரு கொடியின் கீழ் தொடர்ந்தது. 1970-ல் மூவரின் எச்சங்களையும் தோண்டியெடுத்து அயர்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்மித்தும் சியர்ஸும் டப்ளினின் கிளாஸ்னெவின் கல்லறையில் அடக்கமானார்கள். டேலி தன் சொந்த ஊரான டிரெல்ஸ்பாஸுக்குப் போனார். அந்த அடக்கத்துக்கு அவருடைய பழைய தோழர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் காவலறைக்கு நடந்துபோன ஹாஸ் அந்த ஐவரில் ஒருவர்.